காற்று, அலை, ஏக்கம்

புன்னைமுனைத் துறைமுகத்தில் ஒரு கப்பலை உள்ளே விடலாமா, வெளியே நிறுத்தலாமா என்று தீர்மானிக்கிற இயந்திரத்துக்கு மேலிடத்தார் வைத்த பெயர் ஒரு முழ நீளம் இருக்கும். வாயில் நுழையாது. ஊர்க்காரர்கள் அதை மாமியார் என்றார்கள். கதவைத் திறப்பதும் அவள்தான், அடைப்பதும் அவள்தான், ஏன் என்று கேட்டால் பதில் வராது. வேறென்ன பெயர் வைப்பது?

பொல்லாதவள் என்றும் சொல்லிவிட முடியாது. கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் சுவரில் அவளுடைய பலகை இருந்தது. அதில் ஆறு பட்டைகள். காற்று எப்படி, அலை எப்படி, நீரோட்டம் எப்படி, மூடுபனி எப்படி, கப்பலின் அடிக்கும் கடல் தரைக்கும் நடுவில் தண்ணீர் எவ்வளவு மிச்சம் என்று ஐந்து பட்டைகள் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஆறாவது பட்டைக்குக் கீழே 'மனநிலை' என்று எழுதியிருந்தது. வானொலியில் வருகிற பேச்சைக் கேட்டு, கரைக்கு வர எவ்வளவு அவசரம், எவ்வளவு துடிப்பு என்று அது அளக்கும். எந்தப் பட்டை சிவப்பைத் தொட்டாலும் கதவு அடைபட்டுவிடும். மனநிலை என்று ஊரில் யாரும் சொல்வதில்லை. ஏக்கம் என்றே சொன்னார்கள்.

அது வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு கேப்டன், அன்று சாயங்காலம் மகளுக்கு நிச்சயதார்த்தம், ஆற்று வெள்ளம் துறைமுக வாயிலில் குறுக்கே இழுத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்துக் கப்பலை உள்ளே கொண்டுவந்தார். அலைதடுப்புச் சுவரின் மறைவுக்குள் கப்பலின் மூக்கு வந்துவிட்டது. அங்கே தண்ணீர் சும்மா கிடந்தது. பின்பாதி இன்னும் வெளியே, நீரோட்டத்தில். மூக்கு நிற்க, வாலை வெள்ளம் தள்ள, அவ்வளவு பெரிய கப்பல் பம்பரம் போலச் சுற்றிச் சுவரில் சாய்ந்தது. நடுவில் மாட்டிய இழுவைப்படகில் ஒருத்தரும் மிஞ்சவில்லை. விசாரித்தவர்கள் காற்றைப் பார்த்தார்கள், அலையைப் பார்த்தார்கள். இத்தனையும் தெரிந்த மனிதர் ஏன் வந்தார் என்றால், வீட்டுக்குப் போகிற ஆசையில் வந்தார். அப்படியானால் ஆசையையும் காற்றைப் போல அளந்துவிட்டால் என்ன என்று யாருக்கோ தோன்றியது.

தோன்றியது தப்பில்லை. அதற்குப் பிறகு புன்னைமுனையில் ஒரு கப்பல்கூட மோதவில்லை. ஆனால் ஊர் மாறிப்போனது. பிள்ளை பிறந்த சேதி கேட்டவன் வாரக்கணக்கில் வெளியே நங்கூரத்தில் கிடந்தான். வீட்டில் சண்டை போட்டுவிட்டுப் போனவன் முதல் அழைப்பிலேயே உள்ளே வந்தான். சீக்கிரம் வந்தவனை வாசலில் வைத்தே பெண்டாட்டி முறைத்தாள். "மாமியா ஒரே வார்த்தைல வுட்டுட்டாளாமே" என்று அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். அதைவிட ஒரு மானக்கேடு அந்தக் கரையில் கிடையாது.

இன்னொன்றும் உண்டு. நங்கூர எல்லைக்குள் கப்பல் வந்துவிட்டால் கைப்பேசி வேலை செய்யாது. மனசு கலையக்கூடாது என்று அதையும் அடைத்துவைத்திருந்தார்கள். ஆறு கடல் தாண்டி இருக்கும்போது முகம் பார்த்துப் பேசலாம். வீட்டு மொட்டைமாடியிலிருந்து கப்பல் விளக்கு தெரிகிற தூரத்துக்கு வந்துவிட்டால் பேசக்கூடாது. கப்பலும் கோபுரமும் பேசிக்கொள்கிற வானொலி ஒன்றுதான் வழி. அதைச் சலூன்காரர் முதல் ஐஸ் கம்பெனி வரை ஊரே பெட்டி வைத்துக் கேட்கும்.

கோபுரத்தில் உட்கார்ந்து புன்னைமுனையின் குரலாகப் பேசுகிறவர்களில் ஒருத்தி ஜெசிந்தா. அவள் புருஷன் பெர்க்மான்ஸ், 'மரகதம்' என்கிற கப்பலுக்குக் கேப்டன். காற்றாலை இறக்கைகளை மேல்தட்டில் அடுக்கிக்கொண்டு வருகிற கப்பல் அது. அவள் அந்த நாற்காலிக்கு வந்த பிறகு அவன் கப்பல் புன்னைமுனைக்கு வருவது இதுதான் முதல் தடவை. போன வருஷம் மாதா கோயில் கொடியிறக்கம் முடிந்த கையோடு போனவன், இந்த வருஷக் கொடியேற்றம் நெருங்குகிற சமயம் வந்து சேர்ந்தான். வந்து சேர்ந்தான் என்றால், கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் நங்கூரம் போட்டான்.

இரண்டு பேரும் வானொலியில் காற்றையும் அலையையும் தவிர ஒன்றும் பேசவில்லை. பேசவும் முடியாது. "புன்னைமுனை, மரகதம். இங்க கச்சான் காத்து, அலை ஒரு ஆள் உயரம். உள்ள வர அனுமதி வேணும்" என்றான் அவன். "மரகதம், புன்னைமுனை. ஆத்துல தண்ணி கூடியிருக்கு. வாசல்ல இழுப்பு இருக்கு. காத்திருங்க" என்றாள் இவள். அவ்வளவுதான். ஆனால் மேற்கேயிருந்து அடிக்கிற அந்தக் 'கச்சான் காத்து' என்பதை அவன் சொன்ன விதத்தில் அவன் ராத்திரி தூங்கவில்லை என்று இவளுக்குத் தெரிந்தது. 'காத்திருங்க' என்று சொல்லும்போது இவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். ஐந்து பட்டைகளும் பச்சையில் நின்றன. ஆறாவது மட்டும் விறுவிறுவென்று ஏறிச் சிவப்பைத் தொட்டது. கதவு அடைபட்டுவிட்டது.

மறுநாள் காலையில் மீன் வாங்கப் போன இடத்தில் ஜெசிந்தாவை விட்டு வைப்பார்களா? பெர்க்மான்ஸ் வாயைத் திறந்தாலே மாமியார் கதவைச் சாத்துகிறாள் என்றும், இந்த வயசில் இது கொஞ்சம் அதிகம்தான் என்றும் ஆளாளுக்குப் பேசினார்கள். விளைமீன் விற்கிறவள் இரண்டு மீன் கூடப் போட்டுக் கொடுத்தாள். ஜெசிந்தா தலையைக் குனிந்துகொண்டு வாங்கி வந்தாள். வீட்டுக்கு வந்து மீனைக் கழுவும்போது தன்னையறியாமல் பாடிக்கொண்டிருந்தாள்.

கல்யாணமாகி ஒன்பது வருஷம். பெர்க்மான்ஸ் வாய்ச்சொல் அதிகம் இல்லாதவன். கடலிலிருந்து போன் பேசினால் கேஸ் வந்ததா, மாடியில் தண்ணீர் கசிகிறதா என்று கேட்பான். அது போதாது என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது ஊரறியச் சுவரில் சிவப்பாக ஏறி நின்றதே, அது அவள் ஒன்பது வருஷமாகக் கேட்காமல் இருந்த ஒன்று. இரண்டாம் தடவையும் அவன் அழைத்தான், இரண்டாம் தடவையும் பட்டை ஏறியது. கப்பல் வெளியே நின்றதற்கு அழவேண்டியவள், வேலை முடிந்த பிறகும் கிளம்பாமல் பலகைக்கு முன்னால் நின்று அந்தச் சிவப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூட வேலை செய்கிற சுலைஹாவுக்குக் கண் தப்பவில்லை. காயல்பட்டினத்துக்காரி, இவளுக்கு மூத்தவள். அக்கா என்பதற்கு அவள் ஊர் வழக்கப்படி ஜெசிந்தா அவளை லாத்தா என்று கூப்பிடுவாள். சுலைஹாவின் குரலில் ஏற்றமும் கிடையாது, இறக்கமும் கிடையாது. கடையில் சாமான் சொல்கிற மாதிரியே கப்பலுக்கும் சொல்லுவாள். மாமியாருக்கு மிகவும் பிடித்த குரல் அது என்று கோபுரத்தில் கேலி செய்வார்கள். "புருஷன் தண்ணியில கெடக்கான், நீ பூ வச்சிட்டு வேலைக்கி வாரா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் டீயைக் குடித்தாள்.

மூன்றாவது நாள் நிலைமை மாறியது. தென்கடலின் கோடியில் எங்கோ அடித்த புயலில் கிளம்பிய பெரிய அலைகள் அன்று சாயங்காலமே வந்து சேரும் என்று எச்சரிக்கை வந்தது. கள்ளக்கடல் என்பார்கள் அதை. உள்ளூர்க் காற்றில் ஒன்றும் தெரியாது, வானம் வெள்ளையாகச் சிரிக்கும், கடல் மட்டும் திடீரென்று எழுந்து உட்காரும். மணல் தரையில் போட்ட நங்கூரம் அதில் நிற்காது. அன்று மத்தியானம் ஓதம் ஏறி வாசலில் தண்ணீர் கூடியிருக்கிற நேரத்துக்குள் மரகதம் உள்ளே வராவிட்டால் அடுத்த துறைமுகத்துக்குப் போய்ச் சரக்கை இறக்கிவிட்டு அப்படியே மறு சரக்கு ஏற்றிக்கொண்டு கிளம்ப வேண்டும் என்று கப்பல் முதலாளியிடமிருந்து உத்தரவு வந்துவிட்டது. கிளம்பினால் திரும்ப அரை வருஷத்துக்கு மேல் ஆகும். அலையில் சிறு படகு கப்பலுக்குப் பக்கத்தில் அணைய முடியாது, கேப்டன் கப்பலை விட்டு இறங்கவும் கூடாது. இன்றைக்கு மத்தியானம்தான். இல்லையென்றால் இல்லை.

அந்தக் காலையில் இசக்கிராஜ் மாமியாரைத் துடைத்துச் சரிபார்க்க வந்திருந்தான். மாதம் ஒருமுறை திருநெல்வேலியிலிருந்து வருகிற மெக்கானிக், கலகலப்பானவன். ஜெசிந்தா அவனிடம் போய், அந்த ஆறாவது பட்டையை ஒரே ஒரு மணி நேரத்துக்கு மூடிவைக்க வழி இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டாள். அவன் பதறிப்போனான். அதைத் தொட்டால் தன் வேலை போவது இருக்கட்டும், யாராவது செத்தால் யார் பதில் சொல்வது என்றான். அவள் முகத்தைப் பார்த்து மனம் கேட்காமல், கேப்டன் மனசை அடக்கிக்கொண்டு பேசினால் போதுமே என்றான். அவர் மனசை அவர் எப்படி அடக்குவார், அவர் அப்படித் தவிக்கிறார் என்று ஜெசிந்தா சொன்னாள். சொல்லும்போது கொஞ்சம் பெருமை தொனித்தது.

இசக்கிராஜ் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தான்.

"எக்கா, அவருதான்னு யாரு சொன்னா?"

"போர்டுல ஏறுதுல்லா."

"ஏறும். ஆனா மாமியாளுக்குக் காது ஒண்ணுதான். கப்பல் பேச்சும் கோபுரத்துப் பேச்சும் ஒரே கம்பியிலதான் உள்ள போவுது. அவசரப்படுத கேப்டனும் ஆபத்து, அவசரப்பட்டு அனுமதி கொடுக்குதவளும் ஆபத்துன்னு ரெண்டையும் சேத்து அளக்க மாதிரிதான் செஞ்சிருக்கு. அது யாருட்டேருந்து வருதுன்னு அதுக்குத் தெரியாது."

"பிரிச்சிப் பாக்க முடியாதா?"

"முடியாது. ஒரு குரல மாத்திப் பாக்கலாம். நீங்க எந்திரிச்சிட்டு வேற ஆளு பேசுனா, மிச்சம் நிக்கிறது அவரோடது."

அவன் ஒரு யோசனை சொன்ன திருப்தியில் மறுபடி துடைக்க ஆரம்பித்தான். வழி கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட வேண்டிய இடம் அது. ஜெசிந்தாவோ போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்து, அதன் கைப்பிடிகளைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் எழுந்து, பட்டை ஏறினால் அது அவனுடையது. அவன் உள்ளே வரமாட்டான், அரை வருஷம் போய்விடுவான். அவள் எழுந்து, பட்டை இறங்கினால் அவன் வந்துவிடுவான். ஆனால் அந்தச் சிவப்பெல்லாம் இவளுடையது என்று ஆகிவிடும். மூன்று நாளாகத் தன் ஏக்கத்தையே சுவரில் பார்த்து, அவனுடையது என்று பூரித்திருக்கிறாள் என்று ஆகிவிடும். எழுந்திருக்காமலே இருந்துவிட்டால் ஒன்றும் தெரியாமல் போகும். ஊர் சொன்னது சொன்னபடி இருக்கும். அவன் கிளம்பிவிடுவான், இவள் அந்தச் சிவப்பை வைத்துக்கொண்டு அரை வருஷம் ஓட்டிவிடலாம். அப்படி ஒரு நினைப்பு வந்ததற்காக அவளுக்கே அவள் மேல் வெறுப்பாக இருந்தது. நினைப்பு போகவில்லை.

சுலைஹா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"ஒனக்கு மாப்புள வேணுமா, பட்ட வேணுமா?"

ஜெசிந்தா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினாள். வெளியே கடலைப் பார்த்தாள். மரகதம் காற்றுக்கு முகம் காட்டி நங்கூரத்தில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. மேல்தட்டில் வெள்ளை வெள்ளையாக இறக்கைகள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்தாள்.

"பேசுங்க லாத்தா" என்றாள்.

சுலைஹா உட்கார்ந்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, தண்ணீர் ஒரு மடக்குக் குடித்தாள். சொன்ன நேரத்துக்குக் கப்பலிலிருந்து அழைப்பு வந்தது. "புன்னைமுனை, மரகதம்." பெர்க்மான்ஸ் குரல். "மரகதம், புன்னைமுனை. சொல்லுங்க" என்றாள் சுலைஹா, கொத்தமல்லி என்ன விலை என்கிற தோரணையில். மறுபக்கத்தில் ஒரு சின்ன இடைவெளி. பிறகு அவன் காற்றைச் சொன்னான், அலையைச் சொன்னான், கப்பல் தண்ணீரில் எவ்வளவு ஆழம் அமிழ்ந்திருக்கிறது என்று சொன்னான்.

ஆறாவது பட்டை அசைந்தது. ஒரு விரற்கடை உயர்ந்தது. அங்கேயே நின்றுவிட்டது. பச்சை.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள் சுலைஹா, வானொலியை அமுக்கிவைத்துவிட்டு. இசக்கிராஜ் கைதட்டினான். ஜெசிந்தாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே வெளியே போய்க் கோபுரத்தின் கம்பிப் பிடியருகே நின்றுகொண்டாள். ஒரு விரற்கடை. பசி எடுத்தவனுக்குச் சோற்றின் மேல் இருக்கிற ஏக்கம் அதைவிடக் கூடுதலாக இருக்கும்.

ஆனால் கண் கப்பலை விட்டு அகலவில்லை. அன்றைய வாசல் லேசான வாசல் இல்லை. மலையில் பெய்த மழை ஆற்றில் இறங்கிக் கடல் செம்மண் நிறமாகக் கிடந்தது. உப்புத் தண்ணீரில் மிதக்கிற அளவுக்கு ஆற்றுத் தண்ணீரில் கப்பல் மிதக்காது, இன்னும் கொஞ்சம் அமிழும். அடியில் தண்ணீர் ஏற்கனவே குறைவு. வேகமாகப் போனால் கப்பல் தன் வேகத்தாலேயே தரையைப் பார்த்து இன்னும் இறங்கும். மெதுவாகப் போகலாம் என்றால், அடுக்கிவைத்த இறக்கைகள் பாயை விரித்த மாதிரி இருக்கின்றன, கச்சான் அதில் அறைந்து பக்கவாட்டில் தள்ளிவிடும். வேகத்துக்கும் மெதுவுக்கும் நடுவில் ஓர் ஆள் நுழைகிற அளவு இடம்தான். கைநடுங்கியவனுக்கு அந்த இடம் கிடைக்காது.

மரகதம் நங்கூரத்தைத் தூக்கியது. பெர்க்மான்ஸ் கப்பலின் மூக்கை வாசலுக்கு நேரே வைக்கவில்லை. காற்றும் ஆறும் எங்கிருந்து தள்ளுகின்றனவோ அந்த இடப்பக்கமாக, சுவரைப் பார்த்தே திருப்பிவைத்தான். தெரியாதவர்கள் பார்த்தால் மோதப் போகிறான் என்று அலறுவார்கள். மூக்கு ஒரு பக்கம் பார்க்க, கப்பல் நண்டு நடப்பது போலச் சாய்வாக, வழியின் நடுக்கோட்டில் வந்தது. சுலைஹாவின் குரல் தட்டையாகச் சொல்லிக்கொண்டே இருந்தது: இழுப்பு இவ்வளவு, காற்று இவ்வளவு, இழுவைப்படகு பின்னால் தயார். அவன் பதிலும் அதே தட்டையில். மூக்கு சுவரின் மறைவுக்குள் நுழைந்த கணம் ஜெசிந்தா கம்பியை இறுக்கிப் பிடித்தாள். வால் தள்ளப்பட ஆரம்பித்தது. அவன் அதற்கு முன்னாலேயே சுக்கானைத் திருப்பியிருந்தான். பின்னாலிருந்த இழுவைப்படகு கயிற்றை விறைப்பாக்கியது. கப்பல் ஒரு தடவை உதறிக்கொண்டு, நேரே நிமிர்ந்து, அமைதியான தண்ணீருக்குள் முழுசாக வந்துவிட்டது.

தன் குரல் போயிருந்தால் அவன் இதைச் செய்திருப்பானா? ஜெசிந்தாவுக்குத் தெரியவில்லை. மாமியார் செய்தது சரி என்பது மட்டும் தெரிந்தது. சரி என்று தெரிந்ததால் நெஞ்சில் பாரம் குறைந்துவிடவில்லை.

கயிறு கட்டி, ஏணிப்படி இறக்கி, காகித வேலையெல்லாம் முடிந்து பெர்க்மான்ஸ் இறங்கும்போது வெயில் சாய்ந்திருந்தது. தாடி வைத்திருந்தான், மெலிந்திருந்தான். ஜெசிந்தா கப்பல் அணைந்திருந்த தளத்தில் நின்றாள். அவன் மாடியில் தண்ணீர் கசிகிறதா என்று கேட்டான். நின்றுவிட்டது என்றாள். பாதி தூரம் நடந்தார்கள். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டே நடப்பதைப் பார்த்து, கோபமா என்றான். இல்லை என்றாள். பிறகு அடக்க முடியாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். ஊர் கேலி செய்ததை, இசக்கிராஜ் சொன்னதை, தான் எழுந்ததை.

"சிவப்பு பூரா என்னோடது. உங்களோடது இம்புட்டுத்தான்" என்று விரல் நுனியைக் காட்டினாள். "ஒங்களுக்கு நான் ஒண்ணுமே இல்ல, என்னா?"

பெர்க்மான்ஸ் நின்றான். விரலைப் பார்த்தான். அவனுக்குப் புரிய நேரம் பிடித்தது.

"நான் கெடுக்கேன்னுல்லா நெனச்சேன்" என்றான். "ரெண்டு நாளா ரூம்ல கதவச் சாத்திட்டு, காத்து அலைன்னு பேசிப் பழகுனேன். பழகி என்ன, நீ புன்னைமுனைன்னு சொன்ன ஒடனே எல்லாம் போயிரும்." தாடியைச் சொறிந்துகொண்டான். "இன்னைக்கி வேற குரலு. ஒனக்கு ஒடம்புக்கு என்னமோன்னு ஒரு நிமிசம் திக்குன்னு இருந்துச்சி. பெறவு வேலையப் பாத்தேன். நீ பேசியிருந்தா இன்னைக்கும் வெளியதான் கெடந்திருப்பேன் ஜெசி."

ஜெசிந்தா அவன் முகத்தைப் பார்த்தாள். இது நிஜமாக இருக்கலாம். பெண்டாட்டி கண்ணில் தண்ணீர் நிற்பதைப் பார்த்து அந்த நிமிஷத்தில் கட்டிச் சொன்னதாகவும் இருக்கலாம். மூக்கை ஒரு பக்கம் வைத்துக் கப்பலை இன்னொரு பக்கம் கொண்டுபோகத் தெரிந்த ஆள். இனி அவன் கப்பல் வரும்போதெல்லாம் தான் அந்த நாற்காலியை விட்டு எழுந்துவிட வேண்டும் என்பதும், அவ்வளவு கிட்டத்தில் வந்து நிற்கிறவனோடு ஒரு வார்த்தைகூட, காற்று என்றுகூடப் பேச முடியாது என்பதும் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

தளத்தில் பலகை கிடையாது. பட்டை கிடையாது. அளந்து சொல்ல ஒருவரும் இல்லை. தூரத்தில், வாசலுக்கு வெளியே, கள்ளக்கடலின் முதல் அலை சத்தமில்லாமல் எழும்பிச் சுவரில் வந்து உட்கார்ந்தது.

அவன் தோளில் இருந்த பையை வாங்கி ஜெசிந்தா தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"இன்னொருக்கச் சொல்லுங்க" என்றாள்.